பாதுகாப்பு சுவரில் தொங்குகிறது!

(மூன்றாம் ஆண்டு, மின்னியல் மற்றும் மின்னணுவியல் துறை)



நம் மின்னியல் ஆய்வகத்தில் மெயின் போர்டுக்குப் பக்கத்தில் ஒரு படம் மாட்டியிருக்கிறதே, அதை உங்களில் எத்தனை பேர் முழுசாகப் படித்திருக்கிறீர்கள்? கண்ணாடி போட்டு, சட்டம் அடித்து, ஆயுத பூஜையன்று பொட்டு வைத்து மாலையும் போடுகிறோம். படிப்பது மட்டும் இல்லை. மின்சாரம் தாக்கியவரை எப்படிப் பிழைக்க வைப்பது என்று சொல்லும் படம் அது. இதை உள்ளூர் மொழியிலும் எழுதிக் கண்ணில் படுகிற இடத்தில் மாட்ட வேண்டும் என்று 1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளிலேயே இருந்தது. விதி இருந்தது, மாட்டினார்கள். அதோடு விஷயம் முடிந்தது.

போன செமஸ்டரில் ஒரு நாள் கரண்ட் இல்லாத நேரத்தில் அதை நின்று படித்தேன். தாக்கப்பட்டவரைக் குப்புறப் படுக்க வைத்து, முதுகில் இரண்டு கையையும் ஊன்றி அழுத்தச் சொல்கிறது. ஷேஃபர் என்ற உடலியல் அறிஞர் 1903-ல் சொன்ன முறை இது. அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் மின்சாரம் தாக்கும்போது மூச்சு மட்டுமா நிற்கிறது? இதயத் துடிப்பே தாறுமாறாகி நின்று போகிறதே! முதுகை அழுத்தி அதை என்ன செய்ய முடியும்?

இதற்கு வழி கண்டவர் யார் தெரியுமா? நம்ம டிபார்ட்மெண்ட் ஆள்! அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் பேராசிரியராக இருந்த வில்லியம் கோவன்ஹோவன். மின்கம்பத்தில் ஏறும் தொழிலாளர்கள் அடுத்தடுத்து செத்துக்கொண்டிருந்ததால், மின் நிறுவனங்கள் பணம் கொடுத்து 1920-களில் தொடங்கிய ஆராய்ச்சி அது. கடைசியில் ஜூட், நிக்கர்பாக்கர் என்ற இருவரோடு சேர்ந்து, மார்பைத் திறக்காமலே வெளியிலிருந்து அழுத்தி ரத்தத்தை ஓட வைக்கலாம் என்று 1960-ல் அவர் வெளியிட்டார். இன்று உலகம் முழுக்க சி.பி.ஆர். என்று சொல்கிறார்களே, அதன் அடிப்படை இதுதான். மல்லாக்கப் படுக்க வைத்து, நடு மார்பில், சுமார் 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிஷத்துக்கு 100-லிருந்து 120 முறை அழுத்த வேண்டும். ஒரு மின்பொறியாளர் கண்ட முறை, மின்னியல் ஆய்வகத்துச் சுவருக்கு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

ஒரு படத்தை வைத்து இவ்வளவு பேச வேண்டுமா என்று கேட்பீர்கள். நம் படிப்பில் பாதுகாப்பு என்பது அந்தப் படம் மாதிரியேதான் இருக்கிறது என்பது என் கருத்து. முதல் யூனிட்டில் இரண்டு மதிப்பெண் கேள்வியாக வரும். மார்ச் 4 அன்று தேசியப் பாதுகாப்பு நாள் என்று சட்டையில் பேட்ஜ் குத்தி உறுதிமொழி எடுப்போம், ஓவியப் போட்டி வைப்போம், ஹெல்மெட் படம் வரைந்தவனுக்கு எவர்சில்வர் டம்ளர் கிடைக்கும். கையால் செய்து பழகியது என்ன என்று கேட்டால் பதில் இல்லை. பயிற்சிக்காக வெளியே போகும்போதுதான் இது புரிகிறது.

நான் கோவிலம்பாக்கம். ஒரு பக்கம் இருநூறு அடி ரேடியல் சாலை, இன்னொரு பக்கம் மேடவாக்கம் மெயின் ரோடு, அதன் மேலே மெட்ரோ ரயில் வேலை. அப்பா சென்ட்ரிங் வேலைக்கு இந்தப் பக்கம் வந்தபோது ஏரியும் வயலுமாக இருந்ததாம். இப்போது எங்கு பார்த்தாலும் அடுக்குமாடி, ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் இரண்டு, மூன்று ஏ.சி. பெட்டிகள். கீழ்க்கட்டளையிலிருந்து மேடவாக்கம் வரை நடந்து போனால் ஏ.சி. சர்வீஸ் போர்டுகளை எண்ணி முடியாது. எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். "நீயாவது நிழல்ல உக்காந்து வேலை பாருடா" என்பது அப்பாவின் ஒரே ஆசை. ஏ.சி. வேலை என்றால் ஜில்லென்று இருக்கும் என்பது அவர் நினைப்பு. அவுட்டோர் யூனிட் வெயிலில்தான் தொங்குகிறது என்பதை நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை.

போன கோடையில் பயிற்சிக்குப் போன இடம் ஒரு சர்வீஸ் கடை. பெயர் வேண்டாம். என்னை அழைத்துக்கொண்டு போன அண்ணன் தங்கமான மனிதர். டீயும் பரோட்டாவும் அவர் காசில்தான். மல்டிமீட்டரில் கன்டின்யுட்டி பார்ப்பதை நம் லேபில் கற்றதைவிட அவரிடம் நன்றாகக் கற்றேன். ஆனால் ஏப்ரல், மே என்பது சீசன். ஒரு நாளைக்கு எட்டு வீடு, பத்து வீடு. அவருக்குக் கூலி வீட்டுக் கணக்கில், மணிக்கணக்கில் இல்லை. ஒரு மூன்றாவது மாடி வீட்டில் யூனிட் சன்ஷேடுக்கு மேல் இருந்தது. சன்ஷேடு அகலம் ஒன்றரை அடி. என்னோடு இருந்த ஹெல்பர், என் வயசுதான், ஜன்னல் வழியாக இறங்கினான். இடுப்பு பெல்ட்டும் கயிறும் கீழே வண்டியில் இருந்தது.

"அண்ணே, பெல்ட்டை எடுத்துட்டு வரட்டுமா?" என்று கேட்டேன்.

"அதைக் கட்டி அவுக்கிற நேரத்துல இன்னொரு வீட்டை முடிச்சிரலாம்டா தம்பி. அவன் டெய்லி ஏறுறவன்."

அவன் ஏறினான், வேலையை முடித்தான், இறங்கினான். ஒன்றும் ஆகவில்லை. என்னைப் பயமுறுத்துவதே இந்த 'ஒன்றும் ஆகவில்லை'தான். நூறு தடவை ஒன்றும் ஆகாமல் இருப்பதுதான் அண்ணனுக்குப் பாடம். அந்தப் பாடத்தைத்தான் அவர் ஹெல்பருக்கும் கற்றுத்தருகிறார். நூற்றியோராவது தடவையைப் பற்றிச் சொல்லித்தர அங்கே யாரும் இல்லை. இதில் அண்ணனை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. பெல்ட் கட்டுகிற பத்து நிமிஷத்துக்கு அவருக்கு யார் கூலி கொடுப்பது? வீட்டுக்காரரா, கடைக்காரரா? இரண்டு பேரும் கொடுக்க மாட்டார்கள். ஆகவே அந்தப் பத்து நிமிஷத்தை ஹெல்பரின் உயிர் தாங்குகிறது.

பழைய ஆட்களிடம் ஒன்றுமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. பீங்கான் ஃப்யூஸ் கேரியர் இருந்த காலத்து வயர்மேன்களைப் பார்த்திருக்கிறீர்களா? கேரியரைப் பிடுங்கிச் சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டுதான் ஏணியில் கால் வைப்பார்கள். அந்த ஆள் இறங்கி வந்து பாக்கெட்டிலிருந்து எடுத்துச் சொருகாமல் லைன் வராது! யாரும் அவர்களுக்குப் பாடம் நடத்தவில்லை, புத்தகமும் இல்லை. இன்றைக்கு எம்.சி.பி. வந்துவிட்டது. அதைப் பிடுங்கிப் பாக்கெட்டில் போட முடியாது. மேலே ஒருத்தன் வயரைப் பிடித்துக்கொண்டிருக்க, கீழே வீட்டு அம்மா "ஏன் மிக்ஸி ஓடலை?" என்று போய் எம்.சி.பி.யைத் தூக்கிவிட்டால்? அதற்காகவே எம்.சி.பி. மேல் மாட்டும் பூட்டும், "ஆள் வேலை செய்கிறார்" என்ற அட்டையும் கடையில் கிடைக்கின்றன. நம் ஒர்க்‌ஷாப்பில் ஒன்றுகூடக் கிடையாது. பாக்கெட் போயிற்று, பூட்டு வரவில்லை. இடைப்பட்ட காலத்தில் நாம் வேலைக்குப் போகிறோம்.

எம்.சி.பி. இருக்கிறதே, ஷாக் அடித்தால் டிரிப் ஆகிவிடும் என்று நம் வகுப்பிலேயே நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏ.சி. லைனில் இருப்பது 16 ஆம்பியர் எம்.சி.பி. அதாவது 16,000 மில்லி ஆம்பியர். மனுஷனைக் காப்பாற்ற வைக்கும் ஆர்.சி.சி.பி. 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே விழ வேண்டும். ஐநூறு மடங்குக்கும் மேல் வித்தியாசம்! எம்.சி.பி. காப்பாற்றுவது வயரை, நம்மை அல்ல. இந்த ஒரு கணக்கைப் பரீட்சையில் கேட்டால் எத்தனை நன்றாக இருக்கும். சரி, மெயினை ஆஃப் செய்துவிட்டோம் என்றே வையுங்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால்? மெயின் ஆஃப் ஆன அடுத்த நொடியே இன்வெர்ட்டர் எழுந்து உட்கார்ந்துவிடும், அது போகும் லைன்களில் உயிர் இருக்கும். டெஸ்டரை வைத்துப் பார்த்தேன், எரியவில்லை என்பார்கள். மொட்டை மாடி வெயிலில் நியான் எரிந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. டெஸ்டரை முதலில் உயிருள்ள ஒரு லைனில் வைத்துப் பார், பிறகு வேலை செய்யும் லைனில் வை, மறுபடி உயிருள்ள லைனில் வைத்து டெஸ்டர் செத்துப்போகவில்லை என்று உறுதி செய். இதுதான் முறை. இவ்வளவும் ஒரு நிமிஷ வேலை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் பள்ளிக்கரணை, வேளச்சேரி, மேடவாக்கம் பக்கமெல்லாம் தண்ணீர் நின்றது உங்களுக்கு நினைவிருக்கும். தண்ணீர் வடிந்ததும் வீடு வீடாக முதலில் கூப்பிட்டது யாரை? எலெக்ட்ரீசியனையும் ஏ.சி. மெக்கானிக்கையும்தான். ஊறிப்போன சுவர், ஊறிப்போன போர்டு, கால் கீழே ஈரம். நான் மேலே சொன்னதெல்லாம் அந்த வேலையில் ஒரே நாளில் வந்துவிடும்.

இனி குளிர்பதனம். இதில் மெக்கானிக்கல் துறைத் தோழர்கள் என்னைவிட அதிகம் அறிந்தவர்கள். ஆனாலும் சொல்கிறேன். குளிர்ச்சியான வேலை, ஆபத்தில்லை என்று நினைப்பவர்கள் 2022 நவம்பரில் கூடுவாஞ்சேரி பக்கம் ஊரப்பாக்கத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். வீட்டுக் குளிர்பதனப் பெட்டி விடியற்காலையில் வெடித்துப் புகை மூண்டதில் ஒரே குடும்பத்தில் மூன்று பேர் மூச்சுத் திணறி இறந்துபோனார்கள். தாம்பரம் தாண்டினால் ஊரப்பாக்கம். நமக்குத் தெரியாத ஊரில்லை. 2024 ஜூலையில் தூத்துக்குடியில் மீன் பதப்படுத்தும் ஆலை ஒன்றில் அம்மோனியா கசிந்து வேலை செய்த பெண்கள் மயங்கி விழுந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அம்மோனியா அங்கே எதற்கு? பெரிய குளிர்பதனக் கிடங்குகளில் குளிர்விக்கும் வாயுவே அதுதான்.

வாயுவும் மாறிக்கொண்டே இருக்கிறது. ஓசோன் படலத்துக்காக 1987-ல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் வந்ததிலிருந்து பழைய வாயுக்கள் ஒவ்வொன்றாகக் கழிகின்றன. ஆர்-22 தீப்பிடிக்காது. இன்று புது ஏ.சி.களில் நிறைய இருக்கும் ஆர்-32 தீப்பிடிக்கக்கூடியது, லேசாக என்றாலும். ஆர்-290 என்பது சுத்தமான புரோப்பேன். வீட்டு ஃப்ரிட்ஜில் வரும் ஆர்-600ஏ ஐசோபியூட்டேன். அதாவது நம் சமையல் காஸின் சொந்தக்காரர்கள்! சமையல் காஸில் வாசனை சேர்த்திருப்பதால் கசிந்தால் மூக்கு சொல்லிவிடும். இதில் பெரும்பாலும் அந்த வாசனையும் கிடையாது. ஆர்-22 மெஷினில் இருபது வருஷம் டார்ச் பிடித்த கை, அதே பழக்கத்தில் ஆர்-290 குழாயிலும் டார்ச்சைக் காட்டினால் என்ன ஆகும்? பழைய அனுபவமே இங்கே எதிரியாகிவிடுகிறது. சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று வந்த மாற்றம் இது, நான் வரவேற்கிறேன். ஆனால் அந்த மாற்றத்தை டார்ச் பிடிப்பவனுக்கு யார் சொன்னது? 2019-ல் மத்திய அரசு வெளியிட்ட குளிர்விப்புச் செயல் திட்டத்தில் ஒரு லட்சம் சர்வீஸ் தொழில்நுட்பர்களுக்கு 2022-23-க்குள் பயிற்சியும் சான்றிதழும் தர வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். நான் பயிற்சி எடுத்த கடையில் அப்படி ஒரு சான்றிதழைக் கண்டவர் ஒருவரும் இல்லை. வயரிங் வேலைக்காவது மின்கம்பியாள், மின்கம்பியாள் உதவியாளர் என்று அரசுத் தேர்வு இருக்கிறது. ஏ.சி.யைக் கழற்றி மாட்டுவதற்கு எந்த லைசென்ஸும் கேட்பதில்லை. ஸ்பேனர் இருந்தால் போதும்.

இரண்டு விஷயத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இரண்டிலும் ஆள் போய்விடும். கசிவு பார்க்கக் குழாயில் நைட்ரஜன்தான் ஏற்ற வேண்டும், அதுவும் ரெகுலேட்டர் வைத்து. நைட்ரஜன் சிலிண்டரை வாடகைக்கு எடுத்துத் தூக்கி வர வேண்டும். ஆக்சிஜனோ வெல்டிங் செட்டோடு பக்கத்திலேயே நிற்கும். "பிரஷர்தானே, எதுவா இருந்தா என்ன?" என்று அதைத் திறந்தால், ஆக்சிஜனும் கம்ப்ரஸர் எண்ணெயும் சேர்ந்து வெடிக்கும். இன்னொன்று, வீடு மாற்றும்போது ஏ.சி.யைக் கழற்றும் வேலை. வாயுவை எல்லாம் அவுட்டோர் யூனிட்டுக்குள் இழுத்து, இரண்டு வால்வையும் மூடி, மெஷினை நிறுத்திய பிறகே குழாயைக் கழற்ற வேண்டும். அவசரத்தில் மெஷின் ஓடும்போதே நட்டைத் தளர்த்தினால் வெளிக்காற்று உள்ளே போகும். காற்றையும் எண்ணெய்ப் புகையையும் சேர்த்து அழுத்தினால் என்ன ஆகும் என்று டீசல் என்ஜின் பாடத்தில் படித்திருக்கிறோமே! ஸ்பார்க் பிளக் இல்லாமலே பற்றும். கம்ப்ரஸர் ஓடு கிழிந்து பறக்கும். அப்போது அதன் முன்னால் குனிந்திருப்பவன் ஹெல்பர். கெபாசிட்டரைப் பற்றி உங்களுக்கே தெரியும். இன்வெர்ட்டர் ஏ.சி. போர்டில் 230 வோல்ட் டி.சி.யாகி 325 வோல்ட் வரை தேங்கி நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சில நிமிஷம் இருக்கும்.

சட்டம் நம்மைப் பற்றி என்ன சொல்கிறது என்றும் பார்த்தேன். 1961-ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டம், 18-ஆம் பிரிவு: அப்ரண்டிஸ் என்பவர் பயிற்சியாளர், தொழிலாளி அல்ல. கேட்கவே கஷ்டமாக இருக்கிறதா? அதே சட்டத்தின் 14-ஆம் பிரிவு, தொழிற்சாலையில் பயிற்சி எடுப்பவருக்குப் பாதுகாப்பு விஷயத்தில் தொழிலாளிக்குரிய விதிகள் பொருந்தும் என்கிறது. 16-ஆம் பிரிவு, பயிற்சியின்போது விபத்தில் காயம்பட்டால் முதலாளி நஷ்ட ஈடு கொடுக்க வேண்டும் என்கிறது. 1973-ல் திருத்தம் செய்து டிப்ளமோ முடித்தவர்களையும் இதில் சேர்த்தார்கள். (1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் இடத்துக்கு 2025 நவம்பரில் புதிய தொகுப்பு வந்துவிட்டது. அதை நம் நூலகத்துக்கு வாங்கிப் போட்டால் புண்ணியம்.) ஆனால் இதெல்லாம் ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்த அப்ரண்டிசுக்கு. கல்லூரிக் கடிதத்தை நீட்டிவிட்டு நாலு வாரம் சர்வீஸ் கடைக்குப் போகும் நாம் அந்த அப்ரண்டிஸ்கூட இல்லை. தொழிலாளியும் இல்லை. சன்ஷேடில் நிற்கும்போது நாம் யார்?

ஐ.டி.ஐ. மாணவர்களைப் பற்றி நம்மில் சிலருக்கு ஒரு இளக்காரம் உண்டு. அதை விட்டுவிடுங்கள். எலெக்ட்ரீசியன் டிரேடில் அவர்கள் ஸ்குரூ டிரைவரைத் தொடுவதற்கு முன்பே தீயணைப்புக் கருவியைக் கையாள்வது, முதலுதவி, மின்சாரம் தாக்கியவரைப் பிரித்தெடுத்து மூச்சு கொடுப்பது எல்லாம் செய்முறையாகவே பாடத்திட்டத்தில் இருக்கிறது. நாளை நாம் சூப்பர்வைசர், அவர்கள் நமக்குக் கீழே வேலை செய்வார்கள் என்கிறார்கள். தெரிந்தவன் ஏணியில், தெரியாதவன் மேற்பார்வையிலா?

நான் கேட்பது பெரிய செலவில்லை. பயிற்சிக்கு அனுப்பும் முன் ஒரே ஒரு நாள், ஒர்க்‌ஷாப்பில், ஒவ்வொரு மாணவனும் தன் கையால் லைனை நிறுத்தி, பூட்டி, அட்டை மாட்டி, செத்துவிட்டதா என்று சோதித்து, கெபாசிட்டரை டிஸ்சார்ஜ் செய்து காட்ட வேண்டும். பெல்ட் கட்டி ஏணியில் ஏற வேண்டும். சி.பி.ஆர். ஒரு பொம்மை மேல் ஆளுக்கு இரண்டு நிமிஷம் அழுத்திப் பார்க்க வேண்டும். கை வலிக்கும், வலிக்கட்டும். இதைச் செய்யாதவனுக்குக் கடிதம் கிடையாது என்று துறைத் தலைவர்கள் சொல்லட்டும். தரமணியில் மண்டலத் தொழிலாளர் நிலையம் இருக்கிறது, தொழிற்சாலைப் பாதுகாப்புக்கு என்றே ஆட்களைத் தயாரிக்கும் மத்திய அரசு நிறுவனம். அதே தரமணி சி.ஐ.டி. வளாகத்தில்தான் தென் மண்டலத் தொழில் பழகுநர் பயிற்சி வாரியமும். இரண்டும் நமக்குப் பஸ் தூரம். தொழிற்சாலைச் சுற்றுலா என்று ஊட்டிக்குப் போய் டீத்தூள் வாங்கி வருகிறோம். ஒரு வருஷம் தரமணிக்குப் போனால் என்ன?

இந்த மலரின் பின்பக்கங்களில் எலெக்ட்ரிக்கல் கடைகளும் ஏ.சி. சர்வீஸ் நிலையங்களும் விளம்பரம் கொடுத்திருக்கின்றன. அவர்களுக்கு நன்றி, என் மேல் கோபம் வேண்டாம். அவர்களிடமே பேரவை நிர்வாகிகள் போய், எங்கள் மாணவனை அனுப்புகிறோம், பெல்ட் இல்லாமல் வெளியே இறக்க மாட்டோம், மெயினைப் பூட்டாமல் வயரைத் தொடச் சொல்ல மாட்டோம் என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள் என்று கேட்கலாம். அந்தத் தாள் கையில் இருந்தால், "அண்ணே, கொஞ்சம் இருங்க" என்று சொல்லும் பையனை யாரும் பயந்தாங்கொள்ளி என்று சொல்ல முடியாது.

நம் அடுத்த அணி பயிற்சிக்குப் போவது வரும் கோடையில். பேரவைத் தேர்தல் அதற்கு முன்னாலேயே வருகிறது. கேன்டீன் தோசையையும் பஸ் பாஸையும் பற்றி வாக்குறுதி கொடுக்க வகுப்புக்கு வருவார்கள். அப்போது எழுந்து நின்று, எம்.சி.பி. பூட்டு எத்தனை வாங்குவீர்கள், சி.பி.ஆர். பொம்மை எப்போது வரும் என்று கேளுங்கள்.